அண்டமிடிச்சானின் கடைசி வார்த்தை

நீங்க பேச வேண்டாமுங்க. பஞ்சை நல்லாக் கடிச்சுட்டு அப்படியே உக்காருங்க. கடவாப்பல்லா? ஆமான்னா தலைய ஆட்டுங்க, போதும். கடவாப்பல்லு புடுங்குனா சித்த நேரம் வாயைத் தொறக்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருப்பாங்க. எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இன்னும் போடலீங்க. உள்ள கூப்புடற வரைக்கும் நான் பேசலாம். பேசுனா முன்னாடி சந்துல காத்துப் போகுது, விசிலடிக்கற மாதிரி இருக்கும். அதைக் கண்டுக்காதீங்க.

சட்டையப் பாத்துப் பயந்துக்காதீங்க. இது பூராவும் என்ற ரத்தம் இல்லீங்க. பாதிதான் என்றது. மீதி மணியோடது. இந்த ஊதாக் கலரு மட்டும் பிரிண்டர் மை.

மணின்னா தமிழ்மணி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஃப்ளெக்ஸ் கடை வெச்சிருக்கறானே, இந்தக் கோபியில எவன் வீட்டுக் கல்யாணம்னாலும் எழவுன்னாலும் பேனர் அவங்கிட்டத்தான். ஆறாவதுல இருந்து என்ற சிநேகிதன். இன்னைக்கு மத்தியானம் என்ற முன்பல்லைத் தட்டிவிட்டதும் அவந்தானுங்க. உடைக்கல. வேரோட பேத்து எறிஞ்சுட்டான். டாக்டரம்மா பாத்துட்டு, "பல்லு எங்கே?"ன்னாங்க. "தெரியலீங்க, எங்கியோ பறந்துருச்சு"ன்னன். "கெடைச்சாப் பால்ல போட்டு ஒடனே கொண்டாரச் சொல்லுங்க, மறுபடியும் வெச்சுப் பாக்கலாம், நேரமாச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது"ன்னுட்டாங்க. எங்ககூட ஆடற ஜாபருக்குப் போனைப் போட்டன். தேடிட்டு இருக்கறானாம். மணியும் தேடறானான்னு நான் கேக்கல. அவனும் சொல்லல.

எதுக்கு அடிச்சான்னுதான கேக்கறீங்க? கண்ணுல தெரியுது. பொறாமைங்க. சுத்தப் பொறாமை. என்ற ஆளு சாகமாட்டீங்கறானேங்கற பொறாமை.

என்ற ஆளுன்னா அண்டமிடிச்சான். அய்யோ, நெசமான ஆளு இல்லீங்க, முழிக்காதீங்க. வெளையாட்டுல வர்ற ஆளு. கேட்டுக்கங்க. இது தாயமும் இல்லை, சீட்டும் இல்லை. மேசை மேல ஒரு உலகத்தை வரைஞ்சு வெச்சிருப்போம். கோட்டை, காடு, ஆறு, சந்தை எல்லாம் இருக்கும். ஒருத்தன் கதை நடத்துவான். அவனுக்கு இங்கிலீசுல என்னமோ பேரு இருக்குது, நாங்க கதைக்காரன்னுதான் சொல்றது. எங்களுக்கு மணிதான் கதைக்காரன். மத்தவங்க ஆளுக்கொரு வீரனை வெச்சுக்குவோம். "பூதம் வருது, நீ என்னடா பண்றே?"ன்னு மணி கேப்பான். "வெட்டறன்"ம்பன். இருபது மூஞ்சி இருக்கற கட்டை ஒண்ணு இருக்குது, அதை உருட்டணும். நெம்பரு பெருசா விழுந்தா பூதத்துக்குத் தலை போச்சு. சின்னதா விழுந்தா நமக்குப் போச்சு. அவ்வளவுதானுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோறு தின்னுட்டு ஃப்ளெக்ஸ் கடை மாடியில உக்காந்தா, பொழுது சாயற வரைக்கும் வெட்டுங் குத்துந்தான்.

மத்த ஆளுகளும் லேசுப்பட்டவங்க இல்லீங்க. ஜாபருக்கு ஒரு மந்திரவாதி, ஏழுகடல்முழுங்கின்னு பேரு. ஏழு கடலையும் குடிச்சு வயித்துக்குள்ள வெச்சிருக்கறான். கோவம் வந்தா ஒரு ஏப்பம் விடுவான், ஒரு ராஜ்ஜியமே முங்கிப் போகும். இன்னொருத்தன் குழந்தைவேலு, அவனுக்கு ஒரு வில்லாளி. அந்த வில்லாளி எந்தக் காலத்துலயோ விட்ட அம்பு ஒண்ணு இன்னும் நிக்காமப் பறந்துட்டே இருக்குது. நாங்க எங்கியோ சண்டை போட்டுட்டு இருப்போம், திடீர்னு வந்து எவனையாவது ஊடால குத்திட்டு அக்கட்டால போயிரும். போன தீபாவளியப்ப எங்க குதிரையவே குத்திப்போட்டுது.

ஆனா அத்தனை பேரும் என்ற ஆளு முன்னால தூசுங்க. எப்படின்னு சொல்றன்.

எங்க மேசையில ஒரு வழக்கம். வேற எங்கியும் இப்படி இல்லைன்னு ஜாபர் சொல்றான். ஒருத்தனோட ஆளு செத்தா, அந்த ஆளை ஆடறவன் கடைசி வார்த்தை சொல்லணும். அவன் சொல்லி முடிக்கற வரைக்கும் மத்தவங்க வாயைத் தொறக்கக்கூடாது. அவந்தான் சொல்லணும், அவனுக்காக இன்னொருத்தன் சொல்லக்கூடாது. சொன்னாத்தான் உசுரு போகும். குழந்தைவேலுவோட மொத ஆளு செத்தப்ப, "எங்கம்மாகிட்டச் சொல்லிருங்க"ன்னு சொல்லிட்டு, எட்டு மூட்டை மஞ்சளைத் தனியா ஏத்தி எறக்கற மனுசன், மேசையில தலைய வெச்சுத் தேம்பித் தேம்பி அழுதானுங்க. அப்படியொரு வழக்கம்.

என்ற ஆளுக்கு மொத சாவு ஒரு மரப்பாலத்து மேல. ஒத்தைக் கண்ணு பூதம் ஒண்ணு வந்து, முறுக்கைக் கடிக்கற மாதிரி என்ற அண்டமிடிச்சான் தலையக் கடிச்சுத் துப்பிப்போட்டுது. நான் உருட்டுனது ஒண்ணு. கழுத்துல இருந்து ரத்தம் பாலத்து இடுக்குல வழிஞ்சு ஆத்துல சொட்டுதுன்னு மணி வேற ரசிச்சு ரசிச்சுச் சொல்றான். சொல்லி முடிச்சுட்டு, "சரி நாச்சி, கடைசி வார்த்தை"ன்னான். நாச்சிமுத்துங்க என்ற பேரு.

நான் வாயைத் தொறக்கல.

காத்தாடி மட்டும் கிறுகிறுன்னு சுத்துது. எவனும் பேச முடியாது, வழக்கம் அப்படி. ஜாபர் சைகையில கெஞ்சறான். குழந்தைவேலு கண்ணுலயே திட்டறான். நான் வாயை இறுக்கி மூடிட்டுச் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறன். கடைசியில மணி பேனாவக் கீழ வெச்சான். அவன் நேர்மையான ஆளுங்க, அதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவன். "வார்த்தை வரல. அப்ப உசுரு போகல. முண்டம் எந்திரிக்குது"ன்னான்.

எந்திரிச்சுதுங்க! உருண்டு கெடந்த தலைய அண்டமிடிச்சான் குனிஞ்சு எடுத்து, மசுரைப் புடிச்சுச் சுழட்டி, அந்தப் பூதத்தோட ஒத்தைக் கண்ணு மேல வீசுனான். தலை போயி கண்ணைக் கடிச்சுப் புடிச்சுக்கிச்சு. பூதம் அலறுது, முண்டம் கோடாலியில காலை வெட்டுது, வயித்தை வெட்டுது, தலை கண்ணைத் தோண்டித் துப்புது. ஏஞ்சாமி, என்ன சண்டைங்க அது! அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறே எறங்கல, அத்தனை சந்தோசம்.

அப்புறம் ஒரு சூனியக்காரி அவன் நெஞ்சைப் பொளந்து ஈரலையும் இருதயத்தையும் உருவிப்போட்டா. நான் வாயை மூடிக்கிட்டன். அண்டமிடிச்சான் எந்திரிச்சு ஈரலை நாய்க்குப் போட்டுட்டு, இருதயத்தை அருணாக்கொடியில கட்டிக்கிட்டு அவ கொடலை உருவி அவளையே மரத்துல கட்டுனான். அப்புறம் ஒரு பறக்கற பாம்பு நெருப்பை ஊதிச்சு. அப்பவும் வாயை மூடிக்கிட்டன். நெருப்பு அணையல, ஆளும் சாகல. அன்னையில இருந்து எரிஞ்சுக்கிட்டேதான் நடப்பான். இப்ப நெனைச்சுப் பாருங்க, கக்கத்துல தலை, இடுப்புல துடிக்கற இருதயம், மேலெல்லாம் தீ. சாகடிக்கச் சாகடிக்க அவனுக்குப் பலம் எச்சாகுது. "டேய், இது ஏமாத்துடா"ன்னு குழந்தைவேலு கத்தறான். ஏமாத்து என்னடா ஏமாத்து? வழக்கத்துல எங்கியாவது சொல்லாம இருக்கக்கூடாதுன்னு இருக்குதா? கொள்ளிக்கண்ணனுக.

அந்த உலகத்துல சாவுக்குன்னு ஒரு ராஜா உண்டுங்க, கருங்கதவன்னு பேரு. சாகவேண்டியவன் மூணு தடவை சாகாம நிக்கறானேன்னு அவனே நேர்ல எறங்கி வந்துட்டான். கையில ஒரு தண்டாயுதம். அதைத் தரையில ஒரு குத்துக் குத்துனா, கண்ணுக்கெட்டுற தூரம் வரைக்கும் நிக்கறது, நடக்கறது, பறக்கறது எல்லாஞ் சாகும். குத்துனானுங்க. எல்லாஞ் செத்துது, என்ற ஆளு நிக்கறான். "முடிஞ்சுதாடா?"ன்னு கேட்டுட்டு, கக்கத்துல இருந்த தலைய எடுத்து அந்த ராஜா மொகரையில மொளகு இடிக்கற மாதிரி இடிச்சான். கிரீடம் நசுங்கி மண்டைக்குள்ள போற வரைக்கும் இடிச்சான். தண்டாயுதம் என்ற கைக்கு வந்துருச்சு. அண்டமிடிச்சான்னு சும்மாவா பேரு!

என்னுங்க சிரிக்கறீங்க? சிரிக்காதீங்க, பஞ்சு நழுவிரும்.

இப்ப நல்லக்கா கதைக்கு வரணும். அங்கதான் வினை.

மணிக்குச் சம்சாரம் பூங்கோதை. எனக்குத் தங்கச்சி முறை, நான் அம்மிணின்னுதான் கூப்புடுவன். ஆட்டத்துக்கு ஒரு ஆளு கொறையுதுன்னு அதையும் ஒருநா உக்காரவெச்சோம். "நீ என்ன ஆளு வெச்சுக்கறே? வீரனா, மந்திரவாதியா, திருடனா?"ன்னு மணி கேட்டான். "எனக்கு இந்த வெட்டுக் குத்தெல்லாம் ஆகாதுங்க, நான் சந்தையில கஞ்சிக்கடை போட்டுக்கறன்"னுடுச்சு. நாங்க உருண்டு பொரண்டு சிரிச்சோம். அதுவும் சிரிச்சுட்டே கடையப் போட்டுருச்சு. கஞ்சிக்கார நல்லக்கா. கையில ஒரு கரண்டி, முன்னால ஒரு கஞ்சிப் போசி, அவ்வளவுதான் ஆயுதம். லெவல் ஒண்ணு. அத்தனை வருசத்துல லெவலு ஏறவே இல்லீங்க, எவனையாவது கொன்னாத்தான ஏறும்?

நாங்க கையி போயி காலு போயி கொடல் சரிஞ்சு சந்தைக்கு வருவோம். நல்லக்கா ஒரு சொம்புக் கஞ்சி ஊத்துவா, காயமெல்லாம் ஆறிப்போகும். அதுக்கு ஒரு பேச்சு வெச்சிருந்துச்சு அம்மிணி. இடுப்புல ஒரு கையை வெச்சுக்கிட்டு, "மொதல்ல குடிங்ண்ணா, அப்புறம் போய் வெட்டுங்க. ஆறிப்போகுது"ங்கும். வெளையாட்டுல மட்டும் இல்லீங்க. கீழ அடுப்படியில இருந்து நெசமாலுமே பச்சைப்பயிறுக் கஞ்சி கொண்டாந்து வெச்சுட்டு அதையேதான் சொல்லும். நாங்க சண்டை மும்முரத்துல சொம்பைத் தொடமாட்டோம். அது நின்னு பாத்துட்டு, மறுபடியும் ஆறிப்போகுதுங்கும்.

அம்மிணி போயி ரெண்டு வருசமாச்சுங்க. காய்ச்சல்னு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான், பொட்டலமாத்தான் கொண்டாந்தான். சின்ன வயசு. சரி, அது விதி. அதுக்கும் வெளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டு மாசங்கழிச்சு மறுபடியும் ஆட உக்காந்தோம். மணி வேற ஒரு ஃப்ளெக்ஸ் பின்பக்கத்துல உலகத்தைப் புதுசா வரைஞ்சு வெச்சிருந்தான். "பழசுக்கு என்னடா?"ன்னன். "கிழிஞ்சுருச்சு"ன்னான். வழக்கமா பழைய பேனர் ஏதாச்சுக்குப் பின்னாலதான் வரையறது, காதுகுத்தோ, சீரோ. இந்தப் பேனரை மட்டும் அவனேதான் விரிப்பான், அவனேதான் சுருட்டுவான், எவனையும் தொடவிடமாட்டான். கடைக்காரன் புத்தின்னு நானும் விட்டுட்டன்.

நல்லக்காவையும் அவன் சந்தையில இருந்து எடுக்கல. நாங்க காயத்தோட போனா, "நல்லக்கா கஞ்சி ஊத்தறா"ம்பான். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவைக்கமாட்டான். பூதம், பேய், ராஜா, கொரங்கு எல்லாத்துக்கும் கொரலை மாத்தி மாத்திப் பேசறவன், நல்லக்காவை மட்டும் ஊமையாட்டக் கஞ்சி ஊத்தவிடுவான். அவளுக்கும் ஒரு கொரலு குடுடான்னு நான் எத்தனையோ தடவை சொல்லிட்டன். கட்டையை எடுத்துக் கையில குடுத்து, "உன்ற முறை"ம்பான்.

இந்த ஆடி மாசம், கோட்டைச் சண்டை. எதிரிப் படை பத்தாயிரம். ஆனை, குதிரை, மனுசத் தோலை உரிச்சுச் சட்டையாப் போட்டிருக்கற ராட்சசனுக. கோட்டைக் கதவை ஒடைச்சு உள்ள பூந்து சந்தை வரைக்கும் வந்துட்டானுக. ஏழுகடல்முழுங்கிக்கு ஏப்பம் தீந்துருச்சு. குழந்தைவேலு அம்பு எந்தத் தேசத்துல சுத்துதோ. அவனுக ரெண்டு பேரோட ஆளுகளும் கோட்டைச் சுரங்கத்துக்குள்ள பதுங்கிட்டாங்க. நான் தண்டாயுதத்தைத் தூக்குனன். ஜாபர் கையைப் புடிச்சான். "டேய், வேண்டான்டா, சந்தையில சனங்க இருக்கறாங்க"ன்னான். "சண்டைன்னா நாலு பேரு சாகத்தான் செய்வான்"ன்னன். உருட்டுனன். இருபது! முழுசா இருபது!

அந்தக் குத்தை மட்டும் நீங்க பாத்திருக்கணும். ஆனையெல்லாம் முட்டி போட்டுச் சரியுது, குதிரைக வயிறு வெடிக்குது, ராட்சசனுக நின்ன எடத்துல எலும்பு நொறுங்கிக் கோணிப்பையாட்டம் உக்காரறானுக. கணுக்கால் வரைக்கும் ரத்தம். பத்தாயிரம் பேரு, ஒரே குத்து. நான் எந்திரிச்சு நின்னு கத்தறன். எவனும் கத்தல. மணி சந்தை வரைஞ்ச எடத்தையே பாத்துட்டு இருக்கறான். அப்புறம் மெதுவா, "சந்தையில நல்லக்கா இருந்தா"ன்னான்.

நான் என்ன சொல்லியிருக்கோணும், நீங்களே சொல்லுங்க. பத்தாயிரம் பேரைச் சாய்ச்சிருக்கறன், லெவல் ஒண்ணு கஞ்சிக்காரியைப் பத்திப் பேசறான். "சரி, போனா போகுது, கடைசி வார்த்தையச் சொல்லச் சொல்லி முடி, அடுத்த கோட்டைக்குப் போலாம்"ன்னன். மணி, "நல்லக்கா..."ன்னு ஆரம்பிச்சான். நிறுத்திட்டான். எந்திரிச்சு ஃப்ளெக்ஸைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டுக் கீழ எறங்கிப் போயிட்டான்.

அதோட சரிங்க. ஆடி போச்சு, ஆவணி போச்சு, ஆட்டமில்லை. போன் போட்டா வேலைங்கறான். நேர்ல போனா மெசினுச் சத்தத்துல காது கேக்கலைங்கறான். எனக்கு என்னுங்க இருக்குது? மோட்டார் பம்பு விக்கறன், ஆறு நாளு ஊரு ஊராச் சுத்தறன், கண்டவங்கிட்டப் பல்லைக் காட்டறன். வூட்டுலயும் ஒத்தைக்கட்டை. ஞாயித்துக்கிழமை அந்த மாடி இருக்குதுன்னுதான் ஆறு நாளு ஓடும். வெக்கத்தை விட்டுச் சொல்றன், அவன் பேசலைன்னா எனக்குப் பேச ஆளில்லீங்க. பாருங்க, வாயில பஞ்சை வெச்சிருக்கற உங்ககிட்டப் பேசிட்டு இருக்கறன்.

அதனால நாந்தான் ஜாபரையும் குழந்தைவேலுவையும் இழுத்துக்கிட்டு இன்னைக்கு மத்தியானம் போயி மாடியில உக்காந்தன். மணி வந்தான். ஃப்ளெக்ஸை விரிச்சான். சவரம் பண்ணி எத்தனை நாளாச்சோ. கட்டையை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு, அந்தச் சந்தையையே பாக்கறான். ஆட்டத்தை ஆரம்பிக்கமாட்டீங்கறான். எனக்குப் புரிஞ்சு போச்சு. கஞ்சிக்காரி சாவு முடியல, அதான் கதை நகரமாட்டீங்குது. அந்த ஆளை ஆடறதுக்கு ஆளில்லை. அப்ப யாராச்சும் சொல்லித்தான ஆகோணும்? அவனால முடியல. சரி, சிநேகிதன்னு இருந்து என்ன பிரயோசனம்னு நெனைச்சு, நாந்தான் எந்திரிச்சன். இடுப்புல ஒரு கையை வெச்சன். அம்மிணி கொரலு எனக்கு நல்லா வருமுங்க. "மொதல்ல குடிங்ண்ணா, அப்புறம் போய் வெட்டுங்க. ஆறிப்போகுது"ன்னன்.

அச்சு அசலா அப்படியே வந்துச்சுங்க. எனக்கே மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

மேசையத் தாண்டி வந்தான் பாருங்க. சுத்தி வரல, மேசை மேல ஏறி வந்தான். மொத குத்து இங்க, வாயில. பல்லு போனது அதுலதான். எனக்கு வலியே தெரியல, என்ன நடந்துச்சுன்னே தெரியல, வாய் நெறைய உப்பு. ரெண்டாவது நெஞ்சுல. நான் மல்லாந்து விழுந்தன், நாற்காலி ஒடைஞ்சுது. மேல ஏறி உக்காந்துட்டான். ஒரு நாளும் ஒருத்தனையும் கையோங்காதவனுங்க அவன்! பள்ளிக்கூடத்துல அவனுக்காக நாந்தான் அடிபுடி போடுவன். நானும் சும்மா இருக்கல. கைக்குக் கெடைச்ச பேனர் சட்டத்தை எடுத்து வெளாசுனன், புருவம் கிழிஞ்சு அவன் ரத்தம் என்ற கண்ணுல ஊத்துது. கழுத்தைப் புடிச்சான். கையைக் கடிச்சன். ஜாபர் வெலக்க வந்தான், அவனுக்கு மூக்குல ஒரு மொழங்கை. மை பாட்டில் ஒடைஞ்சு ரெண்டு பேரும் ஊதாவுல உருளறோம். அண்டமிடிச்சான் மூணு தடவை செத்தப்ப நான் டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தனுங்க. நெசமா ஒரு ஆளு உசுரோட கழுத்தை நெரிச்சா எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது. மூச்சு வரல. கண்ணு பிதுங்குது.

கழுத்தை நெரிச்சுக்கிட்டே கத்தறான். "மூணு தடவை செத்தியேடா! மூணு தடவையும் வாயை மூடிக்கிட்டுத்தானடா உசுரோட இருந்தே! அவ பேசாம இருந்தா உனக்கென்னடா? யார்ரா உன்னைப் பேசச் சொன்னது?"

அதுதானுங்க எனக்கு வெளங்கவே இல்லை. என்ற ஆளு வேற, கஞ்சிக்காரி வேற. நான் சாமர்த்தியத்துல வாயை மூடுனன். அவ...

சரி, இருங்க. அவ பேசாத வரைக்கும்... ஆமா. வழக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதான.

எப்படி நிறுத்துனான்னு சொல்றன். குழந்தைவேலு மேசையத் தூக்கிக் கவுத்துட்டான், எங்க ரெண்டு பேரையும் பிரிக்கறதுக்கு. ஃப்ளெக்ஸ் சரிஞ்சு மறுபக்கமா எங்க மேல விழுந்துச்சு. பாத்தா அம்மிணி படம்ங்க. கண்ணீர் அஞ்சலின்னு பெருசா எழுதி, கீழ அம்மிணி மூஞ்சி, சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கிட்டுச் சிரிக்குது. பஸ் ஸ்டாண்டு முக்குல கட்டியிருந்த பேனர். ரெண்டு வருசமா நாங்க அதுக்குப் பின்னாலதான் வெட்டிக்கிட்டுக் கெடந்திருக்கறோம். மணி என்ற கழுத்துல இருந்து கையை எடுத்தான். சட்டையக் கழட்டி படத்து மேல தெறிச்ச மையைத் தொடைச்சான். தொடைக்கத் தொடைக்க எச்சாப் பரவுது. நான் எந்திரிச்சு இங்க வந்துட்டன்.

நாந்தான் அடிவாங்குனவன். அவந்தான் வரோணும். நான் எறங்கிப் போகமாட்டனுங்க. பல்லு போனாப் போகுது, கட்டுப்பல்லு வெச்சுக்கறன். பால்ல போட்டுக் கொண்டாந்து... யாரு வரப்போறா? நேரம் ஆகுது. அந்தக் கடிகாரம் சரியா ஓடுதுங்களா?

என்னுங்க? கதவுலயா? எங்க...

மணிங்க. அதா, புருவத்துல துணி கட்டிக்கிட்டுக் கையில சொம்போட நிக்கறானே, அவந்தான். நீங்க திரும்பாதீங்க. நான் பாக்காத மாதிரி இருக்கறன். பக்கத்துல வந்துட்டானா? உக்காந்துட்டானா?

"என்னடா? என்ன அது சொம்புல? பாலா?"

கேட்டுச்சுங்களா? மெல்லப் பேசறான், நான் சொல்றன். பல்லு கெடைச்சிருச்சாம். ஃப்ளெக்ஸைத் திருப்பி விரிச்சானாம், சந்தை வரைஞ்ச எடத்துல ரத்தத்தோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம். சிஸ்டர்! சிஸ்டர், பல்லு வந்துருச்சுன்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லுங்க!

"சரி, கொண்டாந்துட்டல்ல, சிஸ்டர்கிட்டக் குடுத்துட்டுப் போ. வேற என்ன வேணும்? என்னடா கட்டைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறே? ஆஸ்பத்திரியிலயா ஆடறது?"

என்ன சொல்றான் கேளுங்க. நான் சொன்னது செல்லாதாம். அவளுக்காக இன்னொருத்தன் சொல்லக்கூடாதாம், வழக்கம் அப்படியாம். வார்த்தை வரல, அதனால உசுரு போகலையாம். சந்தையில பொணங்களுக்கு நடுவுல நல்லக்கா எந்திரிச்சுட்டாளாம். எந்திரிச்சு...

"என்னது? திரும்பச் சொல்லு. கரண்டியிலயா?"

கஞ்சிக் கரண்டியில என்ற ஆளை ஒரு போடு போட்டாளாம். உருட்டிட்டானாம், இருபதாம். கக்கத்துல இருந்த தலை ஒடைஞ்சுதாம், இருதயம் நின்னு போச்சாம், தீ அணைஞ்சு போச்சாம். அண்டமிடிச்சான் சந்தையில மல்லாந்து கெடக்கறானாம்.

"டேய்! சாவோட ராஜா மண்டையவே இடிச்சவன்டா! பத்தாயிரம் பேரை ஒரே குத்துல... லெவல் ஒண்ணுடா அவ! கஞ்சிக்காரிடா!"

கடைசி வார்த்தை கேக்கறானுங்க. "சரி நாச்சி, கடைசி வார்த்தை"ங்கறான். நான் வாயை மூடிக்கிட்டா முடிஞ்சுது. அவனால ஒண்ணும் பண்ண முடியாது, அவன் நேர்மையான ஆளு. மூணு தடவை மூடலையா? இப்பவும் மூடிக்கிட்டு உக்காந்தாப் போதும், அண்டமிடிச்சான் எந்திரிச்சுருவான்.

பாருங்க, எப்படிப் பாக்கறான்னு. துணியெல்லாம் நனைஞ்சு போச்சு, தையலு போடோணும் அவனுக்கும். அந்தக் கண்ணைப் பாருங்க. சின்னப்பையனாட்ட உக்காந்திருக்கறான், சொம்பை ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு.

எனக்கு ஒண்ணும் இல்லீங்க. பல்லு வலி. பல்லு வலியில கண்ணுல தண்ணி வரும், உங்களுக்குத் தெரியாததா? சித்த நேரம் நீங்களும் அசையாதீங்க. வழக்கம் அப்படி. யாரும் ஊடால பேசக்கூடாது.

"நல்லக்கா, ஒரு சொம்பு ஊத்து. ஆறிப்போனாலும் பரவாயில்ல, குடிக்கறன்."